நியூஜெர்சி மாமாவும் சித்திரை வீதி நாயும்

போன மாதம் பிரியா போன் பண்ணினாள். நான் ரிட்டயர் ஆன பிறகு ஸ்ரீரங்கம் அரசு சுகாதார நிலையத்தில் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்த நர்ஸ் அவள். "அக்கா, எங்களுக்கு ஒருநாள் ட்ரெயினிங் வச்சாங்க. வாட்ஸப்புல தடுப்பூசியைப் பத்தி வர்ற வதந்திக்கு எப்படிப் பதில் சொல்றதுன்னு" என்றாள். என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "ஆதாரத்தோட, பொறுமையா, பாசமா சொல்லணுமாம் அக்கா. மதியம் வெஜிடபிள் பிரியாணி." பிரியாணி எப்படி என்று கேட்டேன். அது நன்றாக இருந்ததாம்.

அப்புறம் விஷயத்துக்கு வந்தாள். "அந்த நாய்க்கடி கேஸை எழுதிக் குடுங்கக்கா. வாட்ஸப்புக்கு எப்படிப் பதில் சொல்றதுன்னு புதுசா வந்த பொண்ணுங்கல்லாம் கேக்குது. சங்க மலர்ல போடலாம்." எங்கள் நர்ஸ் சங்க மலரில் பாதிப் பக்கம் நகைக்கடை விளம்பரம் இருக்கும். மீதிப் பக்கத்தில் ஓய்வு பெற்றவர்கள் மாலையோடு முழிப்பார்கள். நடுவில் நான் எழுதி யார் படிக்கப் போகிறார்கள்! ஆனாலும் உட்கார்ந்துவிட்டேன். வயிறு எரிந்த விஷயம், எழுதினாலாவது ஆறுமா என்று பார்ப்போம்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆரஞ்சுப் பழத்துக்கு ஊசி போட்டுப் பழகினோம். ஆரஞ்சுப் பழம் அழாது, காலை உதறாது, அதன் மாமியார் பக்கத்தில் நின்றுகொண்டு "பார்த்து, பார்த்து" என்று உயிரை வாங்கமாட்டார். நர்ஸிங் பள்ளியை விட்டு வெளியே வந்து பொன்மலைப் பக்கம் முதல் வேலைக்குப் போனபோதுதான் உலகத்தில் ஆரஞ்சுப் பழங்கள் குறைவு, மாமியார்கள் ஜாஸ்தி என்று தெரிந்தது. பொன்மலை, அப்புறம் காட்டூர், கடைசிப் பத்து வருஷம் ஸ்ரீரங்கம். அவ்வளவுதான் என் சர்வீஸ்.

ஸ்ரீரங்கத்தில் எங்களுக்கு வாய்த்த டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்லியாகணும். பேர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. குட்டையான ஆள், மெல்லிய குரல். கோபம் வந்தால் அந்தக் குரல் இன்னும் இறங்கும். சாதாரண நாளில் "ராஜேஸ்வரி, இங்க வா" என்பார். ஏதாவது தப்பு நடந்திருந்தால் "ராஜேஸ்வரி, கொஞ்சம் வர்றீங்களா?" என்பார். அந்த மரியாதையைக் கேட்டாலே எங்களுக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

புதன்கிழமை ஊசி நாள். காலையில் ஐஸ் பேக்குகளை ஃப்ரீஸரிலிருந்து எடுத்து மேஜை மேல் பரப்பி வைப்போம். கல் மாதிரி இறுகியிருக்கும்போதே மருந்துப் பெட்டிக்குள் வைத்தால், பக்கத்தில் இருக்கும் சில மருந்துகள் உறைந்து கெட்டுப்போகும். அதனால் கொஞ்சம் வேர்த்து, உள்ளே லேசாக உருகணும். டாக்டரம்மா ஒவ்வொரு பேக்கையும் எடுத்துக் காதுப் பக்கம் வைத்து ஆட்டிப் பார்ப்பார். தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்டால்தான் அது பெட்டிக்குள் போகும். புதிதாக வந்த ஆயாம்மா ஒருத்தர் இதைப் பார்த்துவிட்டு, "பாவம், டாக்டருக்குக் காதுவலி போல, ஐஸ் ஒத்தடம் கொடுக்கறாங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊசி வேண்டாம் என்கிற வீடுகளுக்கும் டாக்டரம்மாவிடம் ஒரு முறை உண்டு. ஒரு தடவை நான் போய், "அந்த வீட்டுல விழிப்புணர்வு இல்ல மேடம்" என்றேன்.

"விழிப்புணர்வு இல்லைன்னு அவங்களா சொன்னாங்க?"

"இல்ல மேடம்."

"அவங்க என்ன சொன்னாங்களோ அதைச் சொல்லு. உன் தமிழ் வேண்டாம்."

"'போன தடவை ஊசி போட்டு ராத்திரி பூரா அழுதுச்சு, மாமியார் என்னைத்தான் திட்டினாங்க'ன்னு சொன்னா மேடம்."

"அப்ப வேண்டாங்கறது அந்தப் பொண்ணு இல்லை. மாமியார்கிட்ட போய் உட்காரு."

எந்த மறுப்பைக் கொண்டுபோனாலும், "பயமா, கோவமா, சோம்பலா?" என்று கேட்பார். பயம் என்றால் நாங்கள் போய்ப் பக்கத்தில் உட்காரணும், பாடம் நடத்தக்கூடாது. கோவம் என்றால் வேற ஆள் போகணும். எந்த நர்ஸிடமோ, எந்த ஆஸ்பத்திரியிலோ அவமானப்பட்டிருப்பார்கள், முதலில் அதைக் கேட்டுவிட்டுத்தான் ஊசிப் பேச்சு. சோம்பல் என்றால் புதன்கிழமை காலையில் வாசலில் போய் நின்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான், அம்மா பின்னாலேயே ஓடிவந்துவிடுவாள்.

ஸ்ரீரங்கமாச்சே, பஞ்சாங்கம் இல்லாமல் ஒரு காரியம் நடக்குமா? புதன்கிழமை ராகு காலம் பன்னிரண்டு மணிக்குப் பிடிக்கும். அதற்கு மேல் ஒரு தாயும் பிள்ளையைத் தரமாட்டாள். நான் பகுத்தறிவு பேசப் போனேன். டாக்டரம்மா என்னைத் தடுத்துவிட்டார். "பதினொன்றரைக்குள்ள எல்லாருக்கும் போட்டுடுவோம். அவங்களுக்கும் திருப்தி, நமக்கும் சீக்கிரம் முடியும்" என்றார். உத்தர வீதியிலிருந்து வந்த ஒரு மாமி நவமிக்கு ஒரு புதன் தள்ளினார், பிரதமைக்கு ஒரு புதன் தள்ளினார், அஷ்டமிக்கு ஒரு புதன் தள்ளினார், நாலாவது புதன் தானே பேரனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பழைய எதிர்ப்பில் ஒரு சௌகரியம் இருந்தது பாருங்கள், ராகு காலம் ஒன்றரைக்குப் போய்விடும், அஷ்டமி மறுநாள் போய்விடும். போனில் வருவது போகவே போகாது.

அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் பார்த்தால், எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளில் வரிசையாக ஊசி போட்டுக்கொண்டார்கள், டிகிரி படித்த வீடுகளில் "நாங்க கொஞ்சம் ரிசர்ச் பண்ணிட்டுச் சொல்றோம் சிஸ்டர்" என்றார்கள். ரிசர்ச் என்றால் சோபாவில் படுத்துக்கொண்டு போனைத் தள்ளுவது. நான் டாக்டரம்மாவிடம் போய், "இது பயமும் இல்ல, கோவமும் இல்ல, சோம்பலும் இல்ல மேடம்" என்றேன். "இது பெருமை. நமக்கு மட்டும் தெரிஞ்சிருக்குங்கற பெருமை. இதுக்கு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை" என்றார். டாக்டரம்மா தெரியலை என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கவிதா வீடு அப்படிப்பட்ட வீடு. மேலச் சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடிப் போர்ஷன். புருஷன் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஷிஃப்ட் வேலை. நல்ல பையன், எதைக் கேட்டாலும் "கவிதா சொன்னா சரிங்க" என்பான். ஒரே பெண் குழந்தை, யாழினி. பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் போட்டதோடு சரி, அதற்குப் பிறகு ஒரு ஊசி கிடையாது. ஏன் என்று கேட்டால், "எங்க அண்ணன் வேண்டாம்னு சொல்லியிருக்கார் சிஸ்டர்." அண்ணன் பிரபாகர் நியூஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை. கவிதாவுக்கு அப்பா சின்ன வயசிலேயே போய்விட்டார். படிக்க வைத்தது, கல்யாணம் பண்ணி வைத்தது எல்லாம் அந்த அண்ணன்தான். அவர் பேச்சு அந்த வீட்டில் வேதவாக்கு.

நான் போகும்போதெல்லாம் கவிதா போனை எடுத்துக் காட்டுவாள். 'நம்ம குடும்பம்' என்று ஒரு குரூப். அடேயப்பா, உலகம் பூரா அந்தக் குடும்பம்! சிங்கப்பூரிலிருக்கும் சித்தப்பா, "ஐரோப்பாவில் இந்த ஊசியைத் தடை செய்துவிட்டார்கள்" என்று அனுப்புவார். லண்டனிலிருக்கும் அத்தை, "அமெரிக்காவில் விவரம் தெரிந்த யாரும் போடுவதில்லை" என்பார். அமெரிக்காவிலிருந்து பிரபாகர், "இதெல்லாம் இந்தியா மாதிரி நாட்டில் சோதனை செய்ய அனுப்புவது" என்பார். துபாயில் ஒருத்தர் மூன்றையும் ஒன்றாகக் கட்டி, கீழே 'படித்ததில் பகிர்ந்தது' என்று போட்டு மறுபடி எல்லாருக்கும் அனுப்புவார். ஒருத்தராவது எங்கள் தெருவில் இன்னாருக்கு இப்படி ஆச்சு என்று சொல்லணுமே? கிடையாது. எப்போதும் அடுத்த நாட்டில்தான் ஆகும்.

காரணமும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் என் உடம்பு என் சுதந்திரம். ஐரோப்பாவில் இயற்கை. எங்கேயோ ஒரு நாட்டில் சாமிக்கு ஆகாது. நம் ஊரில் என்ன தெரியுமா? "கவர்மெண்ட்டு சும்மா குடுக்குதுன்னா ஏதோ இருக்கு சிஸ்டர்." மிக்சி சும்மா கொடுத்தபோது இந்தச் சந்தேகம் ஒருத்தருக்கும் வரவில்லை. வெயிலில் வரிசையில் நின்று, மூடி சரியில்லை என்று சண்டை வேற போட்டார்கள்.

பிரபாகரின் குரல் எனக்கு மனப்பாடம். கவிதா அவர் ஆடியோக்களை எனக்குப் போட்டுக் காட்டுவாள். நல்ல கணீர்க் குரல், நிறுத்தி நிறுத்திப் பேசுவார். "இயற்கை நமக்கு ஏற்கெனவே ஒரு டாக்டரை உடம்புக்குள்ள வச்சிருக்கு" என்று ஆரம்பிப்பார். அந்த உள்ளே இருக்கும் டாக்டருக்கு எந்தப் புதன்கிழமை லீவு என்று கேட்க எனக்கு நாக்கு துடிக்கும். கேட்கமாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, "ஏம்மா கவிதா, உனக்கு இதுல எது பயமா இருக்கு?" என்பேன். "எனக்கு ஒண்ணும் பயமில்ல சிஸ்டர். அண்ணன் வரட்டும். காது குத்துக்கு வர்றார், அவர்கிட்ட நீங்களே பேசுங்க" என்பாள். பாப்பா அதற்குள் தவழ்ந்து வந்து என் பையின் ஜிப்பைப் பிடித்து இழுக்கும். என்னமாய் ஒரு சிரிப்பு அதுக்கு.

அண்ணன் வந்தார். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து மொட்டை அடித்து, காது குத்தினார்கள். ஊசியே கூடாது என்கிற மனுஷர் மடியில் வைத்து, இரண்டு காதிலும் தங்க ஊசியால் குத்து! அந்த ஊசியைக் கொதிக்க வைத்தார்களா என்று யாராவது ரிசர்ச் பண்ணினார்களா என்று எனக்குத் தெரியாது. கவிதா எனக்கும் சொல்லியிருந்தாள். நான் போகவில்லை, அன்றைக்குப் புதன்கிழமை.

அடுத்த வாரம் திங்கட்கிழமை மத்தியானம். ஓ.பி. முடிந்து கூட்டமில்லை. முகக்கவசம், தொப்பி, கறுப்புக் கண்ணாடியோடு ஒருத்தர் நொண்டிக்கொண்டே வந்தார். யாரோ சினிமா ஆள் என்றுதான் முதலில் நினைத்தேன். "சிஸ்டர், டாக் பைட்" என்றார். அந்தக் குரல்! கவிதா போனில் கேட்ட அதே கணீர்க் குரல். காலையில் சித்திரை வீதியில் வாக்கிங் போயிருக்கிறார். நிறுத்தி வைத்த காருக்கு அடியில் படுத்திருந்த செவலை நாய் கெண்டைக்காலில் ஒரு பிடி பிடித்துவிட்டது.

"மஞ்சள் ஏதும் போட்டீங்களா சார்?" என்று கேட்டேன். எல்லாரையும் கேட்கிற கேள்விதான், சத்தியமாக.

"சேச்சே! அதெல்லாம் எதுக்கு? வேக்சின் இருக்கா? ஸ்டாக் ஃப்ரெஷ்ஷா? ஃப்ரிட்ஜ்லதான வச்சிருக்கீங்க? கரண்ட் போச்சுன்னா என்ன பண்றீங்க?"

முப்பது வருஷத்துக்கு மேல் ஊசி போட்டிருக்கிறேன், நாய் கடித்த பிறகு தடுப்பூசியை எதிர்த்த ஒருத்தரை நான் பார்த்ததில்லை. சுதந்திரம், இயற்கை, உள்ளே இருக்கும் டாக்டர் எல்லாம் அந்த ஒரு கடியில் காணாமல் போய்விடும். சோப்புப் போட்டுக் குழாயடியில் கழுவச் சொன்னோம், ஒழுங்காகக் கழுவினார். காயத்தைச் சுற்றிப் போடும் மருந்து எங்களிடம் கிடையாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றோம், ஆட்டோ பிடித்து அங்கேயும் போய் வந்துவிட்டார். ஊசி போட்டபோது கண்ணைக்கூட மூடவில்லை.

போகும்போது டாக்டரம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, "மேடம், ஒரு ரிக்வெஸ்ட். நான் இங்க வந்தது எங்க வீட்ல தெரிய வேண்டாம். தெரிஞ்ச டாக்டர்கிட்ட போனா ஊர் பூரா பரவிடும். எங்க சொந்தக்காரங்க யாரும் கவர்மெண்ட்டு சென்டருக்கு வரமாட்டாங்க, அதான் இங்க வந்தேன்" என்றார். டாக்டரம்மா, "உங்க சிகிச்சை உங்க விஷயம் சார். நாங்க யார்கிட்டயும் சொல்லமாட்டோம்" என்றார். அப்புறம் ஒரு கேள்வி மட்டும் கேட்டார். "உங்க பிள்ளைங்களுக்கு அங்க ஊசியெல்லாம் போட்டாச்சா?"

"அது... ஸ்கூல்ல கேக்கறாங்க மேடம். வேற வழியில்ல."

"சந்தோஷம்" என்றார் டாக்டரம்மா. நான் பஞ்சை எடுக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

இரண்டாவது ஊசிக்கும் சொன்ன நாளில் வந்தார், அதே தொப்பி, அதே கண்ணாடி. மறுநாள் காலையில் நான் கவிதா வீட்டுச் சந்துப் பக்கம் போனேன். எப்போதும் போல மாடி ஏறினேன். அண்ணன் காட்டூரில் யாரையோ பார்க்கப் போயிருந்தார். கவிதா வாயெல்லாம் பல்லாகப் போனை நீட்டினாள். "எங்கண்ணனைப் பாருங்க சிஸ்டர். நாய் கடிச்சிருச்சு, ஒரு ஊசி போடல. மஞ்சள்தான், வேற ஒண்ணுமே இல்ல."

பார்த்தேன். 'நம்ம குடும்பம்' குரூப்பில், கெண்டைக்காலில் மொத்தமாக மஞ்சள் அப்பிய போட்டோ. கீழே, "நாய்க்கடிக்கு நம் முன்னோர் வைத்தியம். பயம்தான் உண்மையான நோய்" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே சிங்கப்பூர், லண்டன், துபாய் எல்லாம் கட்டைவிரலும் கும்பிட்ட கையுமாக வரிசையாக நின்றன. எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் பாப்பா தவழ்ந்து வந்தது. வலது காலில், முட்டிக்குக் கீழே, மஞ்சள்.

"இது என்ன கவிதா?"

"அது ஒண்ணுமில்ல சிஸ்டர். முந்தாநாள் சாயங்காலம் கீழ வாசல்ல உட்கார வச்சிருந்தேன், அதே செவலைதான், விளையாட்டா வந்து வாயை வச்சிருச்சு. சும்மா கீறல். துளி ரத்தம். அண்ணன் வெளிய போயிருந்தார், அவர் பண்ணின மாதிரியே நானும் மஞ்சளை வச்சுட்டேன். அவர்கிட்ட கூடச் சொல்லல."

"நாய் எங்க இப்ப?"

"நேத்துலேருந்து காணோம்."

வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் பிழைக்க வைக்க எங்களிடம் ஒன்றும் கிடையாது, பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடியும். பொன்மலையில் வேலை பார்த்த காலத்தில் ஒரு தரம் அப்படி நின்றிருக்கிறேன். அதைப் பற்றி எழுதமாட்டேன். கவிதாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "இப்பவே கிளம்பு. இது விளையாட்டில்ல. உசிரு விஷயம்மா" என்றேன். கெஞ்சினேன், திட்டினேன், அழக்கூட அழுதேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அண்ணனுக்கு இதைவிடப் பெரிய கடி சிஸ்டர். அவருக்கு ஒண்ணும் ஆகலையே. அவர் வரட்டும், கேட்டுட்டு வரேன்."

கீழே இறங்கி, சந்து முனையில் நின்று டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினேன். "மேடம், அந்தாளு ஊசி போட்டுக்கிட்டதை நான் சொல்லிடறேன். என்னை சஸ்பெண்ட் பண்ணுங்க, பரவாயில்ல" என்றேன்.

"நீங்க சொல்லாதீங்க ராஜேஸ்வரி" என்றார். 'ங்க' போட்டார். ஆனால் அது என் மேல் வந்த கோபம் இல்லை. "நீங்க சொன்னா அந்தப் பொண்ணு நம்பாது. நர்ஸு பொய் சொல்றான்னு நினைக்கும். வாதாடி வாதாடி நேரம்தான் போகும். அவரே சொல்லணும். நம்பர் இருக்கு, நான் பேசறேன்."

என்ன பேசினார் என்று பக்கத்தில் இருந்த ஆயாம்மா அப்புறம் என்னிடம் சொன்னார். குரலை ரொம்பவும் தாழ்த்திக்கொண்டு, "வணக்கங்க சார். உங்க தங்கச்சி குழந்தையையும் அதே நாய் கடிச்சிருக்குங்க. வீட்ல மஞ்சள் வச்சிருக்காங்க. நீங்க உடனே குழந்தையையும் அம்மாவையும் கூட்டிட்டு இங்க வரணுங்க. வர முடியலைன்னா சொல்லுங்க, நானே ஊசிப் பெட்டியோட வீட்டுக்கு வரேன். குழந்தைக்கு ஒண்ணு, உங்களுக்கு அடுத்தது. கூடத்துல உட்கார வச்சே போட்டுடலாம், உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?" என்றாராம்.

காட்டூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு அந்த நெரிசலில் அவ்வளவு சீக்கிரம் வர முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் சென்டருக்கு வந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஆட்டோ வந்து நின்றது. பாப்பாவோடு கவிதா இறங்கினாள், பின்னாலேயே அண்ணன். தொப்பி இல்லை, கண்ணாடி இல்லை. குழந்தையையும் கடித்துவிட்டது என்று போனில் கேட்டதும் அவர் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குப் புரிந்தது. வெளிறிப் போயிருந்தார். ஆனால் வாய் மட்டும் பழைய வாய். "சும்மா க்ளீன் பண்ணிட்டுப் போகலாம்னு கூட்டிட்டு வந்தேன்" என்றார்.

முதலில் குழாயடி. கவிதா பிடித்துக்கொள்ள, நான் சோப்புப் போட்டு அந்த மஞ்சளை எல்லாம் கழுவினேன். ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவணும், அவசரப்படக்கூடாது. மஞ்சள் போகப் போகத் தோல் தெரிந்தது. கீறல் இல்லை அது, இரண்டு பல் பதிந்திருந்தது. கவிதா குனிந்து அதைப் பார்த்தாள்.

உள்ளே வந்ததும் டாக்டரம்மா, "இப்ப ஒரு ஊசி இங்க. அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காயத்துல ஒண்ணு. சரியாம்மா?" என்றார்.

"ஊசியா? அண்ணனுக்கே போடலையே மேடம்" என்றாள் கவிதா.

டாக்டரம்மா பிரபாகரைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"கவி... ஆக்சுவலா..." என்றார் அவர். "நான் போட்டுக்கிட்டேன்."

"என்னது?"

"ஊசி. இங்கதான்."

"எப்ப?"

"கடிச்ச அன்னிக்கே."

"அப்ப குரூப்புல மஞ்சள் போட்ட?"

"அது பொய் இல்ல கவி. ஊசி போட்டுட்டு வந்து, மேல மஞ்சளும் தடவினேன்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்கணும். வரவில்லை. கவிதா கத்துவாள் என்று நினைத்தேன், அவள் கத்தவும் இல்லை. அப்பா இல்லாத வீட்டில் அப்பாவாக இருந்த மனுஷனைப் பார்த்துக் கேட்டாள்.

"உனக்கு ஊசி, எம் பொண்ணுக்கு மஞ்சளாண்ணா?"

பிரபாகர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "பாப்பாவைக் கடிச்சது எனக்குத் தெரியாது கவி, சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா நானே தூக்கிட்டு வந்திருப்பேன்" என்று தேம்பினார். நடிப்பு இல்லை அது. கெட்ட மனுஷர் இல்லை அவர், அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

கவிதா நாற்காலியில் உட்கார்ந்து பாப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "போடுங்க சிஸ்டர்" என்றாள். போட்டேன். பாப்பா வீறிட்டது. "விட்டுப்போன ஊசியெல்லாம் எப்ப மேடம் போடலாம்?" என்று கேட்டாள். முதலில் இதை முடிப்போம், அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. அப்படியே எல்லாம் போட்டு முடித்தோம். நாய்க்கடியின் கடைசி ஊசி முடிந்தும் நாங்கள் ரொம்ப நாள் பயந்துகொண்டேதான் இருந்தோம். அந்தச் செவலை அப்புறம் யார் கண்ணிலும் படவில்லை. பாப்பா இப்போது எல்.கே.ஜி. போகிறாள், என்னைப் பார்த்தால் ஆட்டோவுக்குள் ஒளிந்துகொள்வாள்.

ஆனால் பிரியா கேட்டது இதை மட்டும் இல்லை. வாட்ஸப்புக்கு எப்படிப் பதில் சொல்வது என்றும் கேட்டாளே. அன்றைக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வாசலில் நின்றபோது நடந்தது அது. கவிதா படியில் நின்றுவிட்டாள்.

"அண்ணா, குரூப்புல சொல்லு."

"ஊருக்குப் போனதும் நிதானமா எழுதறேன் கவி."

"இப்ப சொல்லு. உன் போட்டோவைப் பார்த்துட்டு இன்னும் எந்த வீட்ல மஞ்சள் அரைக்கறாங்களோ."

அவர் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார். அதே கணீர்க் குரல், அன்றைக்குக் கொஞ்சம் உடைந்திருந்தது. "நான் பிரபாகர். நாய் கடிச்ச அன்னிக்கே நான் ஊசி போட்டுக்கிட்டேன். மஞ்சள் போதும்னு போட்டது தப்பு. யாரும் அப்படிச் செய்யாதீங்க. என் மருமகளுக்கும் இப்பத்தான் போட்டோம்." அனுப்பிவிட்டார். டாக்டரம்மாவோடு சேர்த்து நாங்கள் நாலு பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

கட்டைவிரல் வரவில்லை, கும்பிட்ட கை வரவில்லை. முதல் பதில் சிங்கப்பூர் சித்தப்பாவிடமிருந்து வந்தது. "யாரும் இதை நம்ப வேண்டாம். பிரபாகர் போனை ஹேக் செய்துவிட்டார்கள். மருந்துக் கம்பெனிகள் இப்போது குரலையே கம்ப்யூட்டரில் செய்கிறார்கள்." உடனே லண்டன் அத்தை, "நானும் நினைத்தேன், நம் பிரபா இப்படிப் பேசமாட்டான்." துபாய்க்காரர் இரண்டையும் சேர்த்து மறுபடி அனுப்ப ஆரம்பித்திருந்தார்.

கவிதா தன் போனை எடுத்து வீடியோவை அமுக்கினாள். ஒரு கையில் பாப்பாவை உயர்த்தி, கழுவின காலையும் அந்த இரண்டு பல் தடத்தையும் கேமராவுக்கு நேரே காட்டினாள். பாப்பா முகம் சிவக்கக் கத்திக்கொண்டிருந்தது.

"சித்தப்பா, நான் கவிதா. இது ஹேக் இல்ல. இது எம் பொண்ணு. அழறது கேக்குதா?"